ஜாகை தேடும் மாணவர்கள்

காலேஜில் இடம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று பெற்றோர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் பாதிக் கவலைதான் தீர்கிறது. படிக்க இடம் கிடைத்த பின் படுக்க இடம் கிடைக்க வேண்டுமல்லவா? முதல் வருஷம் எப்படியோ ஹாஸ்டலில் கழிந்துவிடுகிறது. அடுத்த வருஷம் ஹாஸ்டல் அறை கிடைப்பதில்லை. அல்லது அங்குள்ள சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. அல்லது நாலு சிநேகிதர்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் செலவு குறையும் என்று தோன்றுகிறது. அன்று முதல் அந்த இளைஞன் வேறொரு பரீட்சைக்கு உட்காருகிறான். அதற்குப் பாடப் புத்தகம் கிடையாது.

கோயமுத்தூரில் இந்தப் பரீட்சை நடைபெறும் ஸ்தலங்களுள் முக்கியமானது சிங்காநல்லூர். அடுத்துள்ள பீளமேட்டில் 1947-இல் பூ. சா. கோ. கலைக் கல்லூரியும், 1951-இல் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியும், 1956-இல் கோயமுத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியும், 1963-இல் கிருஷ்ணம்மாள் பெண்கள் கல்லூரியும் தோன்றின. ஹோப் காலேஜ் சந்திப்பிலிருந்து காமராஜர் ரோடு வழியே தெற்கே வந்தால் சிங்காநல்லூர். மதுரை, திருச்சிப் பக்கத்து பஸ்கள் வந்து நிற்கும் நிலையமும் இங்கேதான். பெட்டியும் கையுமாக இறங்கும் வெளியூர்ப் பிள்ளை, வீடு தேடும் வேலையை இங்கேயே தொடங்குவதில் ஆச்சரியமில்லை.

லைன் வீடுகள்

1932-இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கங்களில் வசந்தா மில், கம்போடியா மில் முதலியவற்றுக்குக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளருக்காக எழுந்தவையே ‘லைன் வீடுகள்’. ஒரே வரிசையில் பல குடித்தனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. வாசலில் எல்லோருக்கும் பொதுவான குழாய். 1981-இல் சிங்காநல்லூர் நகராட்சி கோவை மாநகராட்சியுடன் இணைந்தது. பல ஆலைகளில் இன்று சங்கு ஊதுவதில்லை. நூற்பாளி குடியிருந்த அறையில் இப்போது மாணவன் பாய் விரிக்கிறான். ஒரு தலைமுறையின் உழைப்பு அடுத்த தலைமுறையின் கல்விக்கு நிழல் கொடுப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் காட்சியே.

வீடு பார்க்கப் போகும் மாணவர் சுவரின் வர்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீர். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, உப்புத் தண்ணீர் எந்நேரமும் உண்டா என்று பக்கத்துக் குடித்தனத்தாரிடம் கேட்க வேண்டும். அடுத்தது மின்சாரம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். தனி மீட்டர் இல்லாவிட்டால் வீட்டுக்காரர் சொல்வதே கணக்கு. ஆகவே யூனிட்டுக்கு என்ன விலை என்பதை முன்னதாகவே பேசிக்கொள்வது நலம்.

சட்டம் சொல்வது

பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதுவது நம் நாட்டு வழக்கம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையானால் 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால் உண்டான உபாயம் அது. ஆனால் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அதைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடியிருப்பவரை விரட்டவும் கூடாது. ‘வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி’ என்ற வார்த்தைகளை மாணவர் கவனிக்க வேண்டும். படிக்காமல் கையெழுத்திடுகிறவர் சட்டம் தந்ததைத் தாமே விட்டுக்கொடுத்தவராகிறார். பதினெட்டு வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்து ஒப்பந்தத்துக்குச் செல்லாது. தகப்பனாரோ பாதுகாவலரோ வர வேண்டும்.

பெண்களின் பாடு இன்னும் கஷ்டம். தனியாக வந்து வீடு கேட்டாலே புருவம் உயர்கிறது. தனியார் விடுதியை நாடுகிறவர்கள், 2014-ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்த விடுதி லைசென்ஸ் பெற்றிருக்கிறதா என்று கேட்பது அவசியம்.

கடைசிக் கேள்வி

இவையெல்லாம் எளிதில் கற்கக்கூடிய பாடங்கள். கடினமான கேள்வி வேறு.

கொங்கு நாட்டு உபசாரம் பெயர் பெற்றது. வயதில் சிறியவரையும் ‘வாங்க’ என்றே அழைப்பார்கள். “எந்த ஊருங்க தம்பி? அப்பா என்ன பண்றாருங்க?” என்று அன்பாகவே பேச்சு தொடங்கும். “கறி மீன் ஆக்குவீங்களா?” என்பது அடுத்தது. பிறகு, குரலைச் சற்றே தாழ்த்தி, “தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?” என்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் யாரும் கடிந்துகொள்வதில்லை. “வீடு பேசி முடிஞ்சு போச்சுங்க” என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அடுத்த வாரமும் அந்த வீட்டு வாசலில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகை தொங்கிக்கொண்டிருக்கும்.

தீண்டாமையின் பேரால் ஒருவரைக் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ஆயினும் இவ்வளவு இனிமையாகச் சொன்ன ஒரு பொய்யைக் கோர்ட்டில் எவ்விதம் நிரூபிப்பது? சட்டம் திண்ணை வரையில் வந்து நின்றுவிடுகிறது. அப்பால் போக வேண்டியது மனச்சாட்சி.

வீட்டுக்காரரின் பயங்களை நாம் அலட்சியம் செய்யவில்லை. இரண்டு லைன் வீட்டு வாடகையை நம்பிக் காலந்தள்ளும் விதவைத் தாய்மார் உண்டு. வாடகை தவறுமோ, இராத்திரி கூச்சல் போடுவார்களோ, தண்ணீரை விரயம் செய்வார்களோ என்று அவர்கள் அஞ்சுவது நியாயம். அவற்றையெல்லாம் தாராளமாகக் கேட்கட்டும், ஒப்பந்தத்திலும் எழுதட்டும். மாணவரும் அவற்றை மதித்து நடக்கக் கடமைப்பட்டவர். அவர் செய்யும் அசிரத்தை, அடுத்து வரும் மாணவருக்கு அல்லவா கதவை அடைக்கிறது? ஆனால் வாடகை தவறாமல் கொடுப்பதற்கும் பிறந்த குலத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கோவையில்தான் 1930-இல் ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் ராமகிருஷ்ண வித்தியாலயத்தை ஆரம்பித்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரே ஒரு சிறுவனுடன் தொடங்கியது அந்த ஸ்தாபனம். பெரியநாயக்கன்பாளையத்தில் அதன் கட்டிடத்துக்கு 1934-இல் மகாத்மா காந்தி அஸ்திவாரக் கல் நாட்டினார். ஒரு சிறுவனை உள்ளே அழைத்ததிலிருந்து அவ்வளவு பெரிய கல்விக் கூடம் வளர்ந்தது. அந்த முன்மாதிரியைப் பின்பற்றச் சிங்காநல்லூர்த் தாய்மாருக்குப் பணம் வேண்டியதில்லை. கட்டிடமும் வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. வாசற் பலகையில் ‘வீடு வாடகைக்கு விடப்படும்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். பலகையில் எழுத வெட்கப்படும் கேள்வியை வாயாலும் கேட்காமலிருந்தால் போதும்.