எங்கள் வீட்டு இன்டர்நெட் நத்தையான கதை

"அத்தை, இன்னிக்கும் போகலை!"

மாலை ஏழு மணிக்கு என் மருமகள் இப்படிக் குரல் கொடுத்தால், குழந்தைக்குச் சோறு ஊட்டுவதிலிருந்து ராத்திரி சமையல் வரை எல்லாம் என் பொறுப்பு என்று அர்த்தம். அதில் எனக்குச் சிரமமில்லை. அவள் முகத்தைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமெல்லாம் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. காலையில் கம்பெனி பஸ்களில் ஏறிப் போகிற பெண்களைப் பார்த்தால் ஊரில் பாதி அதில்தான் போகிறதோ என்று தோன்றும். என் மருமகளுக்கு வேலை தையல் பகுதியில் இல்லை. ஷூவின் மேல்தோலை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறவள். குழந்தை பிறந்ததும், வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கியிருந்தாள். ஒரே நிபந்தனை, அன்றன்றைய படங்கள் மாலை ஆறு மணிக்குள் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.

சென்ற பொங்கல் கழிந்து ஒரு வாரமாக அவை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும்தான் போயின. பாதியில் அறுந்துபோய், மறுபடி முதலிலிருந்து அனுப்புவாள். "இப்படியே இருந்தா நேர்ல வந்துடுங்கம்மா" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். குழந்தைக்கு அப்போது எட்டு மாதம்.

இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். பெட்டியைப் பார்த்தான், தன் போனில் சோதித்தான், "எங்க லைன் கரெக்டா இருக்கும்மா" என்று போய்விட்டான். (அவன் சொன்னது பொய்யில்லை என்று பிறகுதான் தெரிந்தது.) என் மகனோ, "இன்னும் பெரிய பிளானா மாத்திடலாம்மா" என்றான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டியைப் பெரிதாகக் கட்டுவார்களா? "இரு, நான் பார்க்கிறேன்" என்றேன். இருவரும் சிரித்தார்கள்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுதான். தையல் மெஷின் தெரியும். மெஷின் நூல் அறுத்தால் முதலில் ஊசியை மாற்றுவோம், பிறகு நூலை, பிறகு பாபினை. மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது கோளாறு என்றே தெரியாமல் போகும். இதையும் அப்படியே பார்ப்போமே என்று தோன்றியது.

முதலில் வேகத்தை அளந்தோம். இங்கே ஒரு கணக்கு. எங்கள் பிளான் 100 எம்.பி.பி.எஸ். உடனே நொடிக்கு 100 எம்.பி. போகும் என்று நினைத்துவிடாதீர்கள். பிளானில் சொல்வது பிட் கணக்கு. கோப்பின் அளவு பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 100 என்பது நொடிக்குப் பன்னிரண்டரை எம்.பி.தான். இது தெரியாமல் கம்பெனிக்காரனோடு சண்டை போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இன்னொன்று, படம் பார்க்கிறவர்களுக்கு இறக்கும் வேகம் முக்கியம். என் மருமகள் மாதிரி அனுப்புகிறவர்களுக்கு ஏற்றும் வேகம் முக்கியம். சில பிளான்களில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் அளந்தபோது ஏறுவதும் இறங்குவதும் 92 காட்டியது. உள் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் 7! அவள் அனுப்புவது சில நாட்களில் 4 ஜி.பி. வரை வரும். 92-ல் ஆறே நிமிஷத்தில் முடிய வேண்டியது, 7-ல் ஒன்றேகால் மணி நேரம். நடுவில் அறுந்தால் கேட்கவே வேண்டாம்.

வெளியிலிருந்து பெட்டி வரை வந்த வேகம் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்பது இதிலேயே தெரிந்துபோயிற்று. போனிலும் இதே 7 வந்திருந்தால் கம்பெனியைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

எங்கள் வீடு பழைய வீடு. சுவர் கனம், உள் அறைக்கு வைஃபை சரியாக எட்டாது. அதனால் கூடத்திலிருந்து வயர் இழுத்திருந்தோம். ஈதர்நெட் என்று சொல்கிறார்களே, அந்த வயர். 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் இந்த முறைக்கு அந்தப் பெயரை வைத்தார். நம் நாட்டில் பொது மக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். அப்போதெல்லாம் டெலிபோன் லைன் வழியாகத்தான். அந்த மோடம்கள் எவ்வளவு முன்னேறியும் 56 கிலோபிட்டைத் தாண்டவில்லை. இன்றைய 100 எம்.பி.பி.எஸ். அதைப்போல ஏறக்குறைய 1,800 மடங்கு. ஆனாலும் கோபம் மட்டும் நமக்கு இப்போதுதான் அதிகம்!

கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருந்தால் செட்டிங்ஸுக்குள் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ஈதர்நெட் என்று திறந்து பாருங்கள். 'லிங்க் ஸ்பீட்' என்று ஓர் எண் இருக்கும். பெட்டியும் கம்ப்யூட்டரும் எந்த வேகத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. நல்ல வயரில் 1000 என்றிருக்கும். எங்களுடையதில் 10!

ஊசியை மாற்றிப் பார்க்கும் வேளை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆபாவிடம் கேட்டேன். "எங்க பெட்டியோட வந்த சின்ன வயர் சும்மாத்தான் கெடக்கு, எடுத்துக்கோம்மா" என்று கொடுத்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கிவந்து, பெட்டியின் அதே துளையில் அந்தக் குட்டி வயரைச் சொருகினோம். 1000 வந்தது. பெட்டியும் நல்லது, கம்ப்யூட்டரும் நல்லது. குற்றவாளி எங்கள் நீள வயர்தான்.

அதைக் கையால் தடவிக்கொண்டே போனேன். கதவு நிலை, ஜன்னலடி, எல்லாம் சரி. உள் அறையில் இரும்பு பீரோவின் பின்னங்கால் வயரின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது பீரோவை நகர்த்தி, திரும்ப வைக்கும்போது "இன்னும் கொஞ்சம் இப்படி" என்று சொன்னது யார்? நான்தான்.

அந்த வயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. வெளி மின்சாரத்தின் இரைச்சல் ஏறாமல் இருப்பதற்காக அந்த முறுக்கு. 1000 வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 100 வேகத்துக்கு நாலு போதும். ஜோடி ஒன்று சேதமானால் தொடர்பு ஒரேயடியாக அறுவதில்லை, கீழ்ப்படிக்கு இறங்கி எப்படியோ ஓடும். அதனால்தான் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. ஆள் படுக்கவில்லையே என்று ரத்தசோகையைக் கவனிக்காமல் விடுகிறோமே, அந்த மாதிரி.

நசுங்கிய இடத்தை வெட்டி டேப் சுற்றி ஒட்டுப்போடலாம் என்று நினைக்காதீர்கள், முறுக்கு கெட்டுவிடும். புது வயர் வாங்கினோம். தோலின் மேல் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே முழுச் செம்பா என்று கேளுங்கள்; அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்தும் மலிவாக விற்கிறார்கள். ஒரே வயர் 100 மீட்டருக்குமேல் போகக்கூடாது. எந்த வீட்டுக்கு அவ்வளவு வேண்டும்! கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பிளக்கின் சின்ன நாக்கு ஒடிந்திருந்தாலும் தொடர்பு ஆடும். சொருகும்போது 'டிக்' என்று கேட்க வேண்டும். எங்களுக்கான செலவு ஒரு கிலோ ஆட்டுக்கறி விலைகூட ஆகவில்லை.

வயர் மாற்றியும் சரியாகவில்லை என்றால், கம்ப்யூட்டரே மறைவில் எதையாவது ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டோக்களைத் தானாகவே சேமிக்கும் ஏற்பாடும், விண்டோஸ் அப்டேட்டும் வேகத்தை நிறைய விழுங்கும். டாஸ்க் மேனேஜரில் எது எவ்வளவு தின்கிறது என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தெருவிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய ஃபைபர் வயர் வேறு ஜாதி. அதற்குள் ஓடுவது ஒளி; கண்ணாடி இழை. மடித்து ஆணியில் மாட்டக்கூடாது. அதைப் பிடுங்கி, முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் உயரத்தில் வையுங்கள். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். கம்பெனிக்காரர் வேலை அது.

புது வயர் போட்ட அன்று ஐந்தரைக்கு உட்கார்ந்தவள், நான் குக்கரை இறக்குவதற்குள் எழுந்து வந்துவிட்டாள். குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். மனசு கேட்காமல், "பீரோவை வயர்மேல வெச்சது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் அத்தை. அந்தப் பக்கம் தள்ளினது நான்தானே!" என்றாள்.