முகவரி போதும், முகம் எதற்கு?

நகரச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் செய்திதான். மசாஜ் சென்டர் என்ற பெயரில் விபசாரம், அழகிகள் மீட்பு, புரோக்கர் கைது. ஊர்ப்பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும், மற்றதையெல்லாம் முன்பே அச்சுக்கோத்து வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும். ரகசியத் தகவல் கிடைக்கும். மாறுவேடத்தில் ஒரு போலீஸ்காரர் உள்ளே போவார். வெளிமாநிலப் பெண்கள் இத்தனை பேர் மீட்கப்பட்டுக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டார்கள் என்று செய்தி முடியும். கூடவே ஒரு படம். காவல் நிலையச் சுவரோரம் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், தலைவரை துப்பட்டா. ஒருத்தியின் மணிக்கட்டில் பச்சை குத்தியிருப்பது தெரிகிறது. இன்னொருத்தியின் சுடிதாரும் செருப்பும் தெளிவாக இருக்கின்றன. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

கடை நடத்தியவர் படம் பெரும்பாலும் இருப்பதில்லை. கட்டடத்தை வாடகைக்கு விட்டவர் பெயரும் வருவதில்லை. ஆனால் சட்டம் கணக்குக் கேட்பது முதலில் இந்த இரண்டு பேரிடம்தான்.

1956-ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டத்தை ஒருமுறை படித்தாலே இது விளங்கும். விடுதி நடத்துவது குற்றம், அது 3-வது பிரிவு. இன்னொருவரின் தொழில் வருமானத்தில் வாழ்வது 4-வது. ஆள் பிடித்துக் கொண்டுவருவது 5-வது. அடைத்து வைப்பது 6-வது. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் பாலியல் தொழில் செய்வதை மட்டும் வைத்துக் குற்றம் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அவளையே குற்றவாளியாக்கும் பிரிவுகள் இல்லாமலும் இல்லை. பொது இடத்தில் ஆளை அழைப்பது 8-வது பிரிவில் வரும். கோயில், பள்ளி, விடுதி, மருத்துவமனை இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால் 7-வது பிரிவு. 200 மீட்டருக்குள் ஒரு கோயிலோ பள்ளிக்கூடமோ இல்லாத தெரு சென்னையில் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

இதே சட்டத்தில் செய்தித்தாளுக்கும் ஓர் இடம் இருக்கிறது. செய்தியாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான். 3-வது பிரிவில் 2-ஏ உட்பிரிவு. சோதனையில் இன்ன கட்டடம் விபசாரத்துக்குப் பயன்பட்டது தெரியவந்தது என்று, உரிமையாளர் வசிக்கும் பகுதியில் விற்பனையாகும் செய்தித்தாளில் செய்தி வெளியானால், அதற்குப் பிறகும் அங்கே அது தொடர்ந்தால் உரிமையாளருக்குத் தெரிந்தேதான் நடக்கிறது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. சோதனையில் எடுத்த பொருட்களின் பட்டியலை அவரிடம் கொடுத்தாலும் இதே நிலைதான். ஆகவே இந்தச் செய்திக்கு உண்மையிலேயே ஒரு பயன் உண்டு. அதற்குத் தேவை கதவு எண்ணும் தெருப்பெயரும். ‘அண்ணா நகரில் உள்ள ஒரு மசாஜ் சென்டர்’ என்று கட்டடத்தை மங்கலாக்கிவிட்டு, உள்ளே இருந்த பெண்ணைத் தெளிவாகக் காட்டினால் அந்தப் பயனும் போய்விடுகிறது.

கட்டட உரிமையாளர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கவனிக்க வேண்டும். “வாடகைக்கு விட்டேன், உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்கென்ன தெரியும்” என்ற பேச்சு முதல் சோதனையோடு சரி. எழுத்தில் வாடகை ஒப்பந்தம், அதில் என்ன தொழில் என்ற விவரம், உள்ளாட்சி அமைப்பு கொடுத்த தொழில் உரிமத்தின் நகல் ஆகியவை கையில் இருக்க வேண்டும். சோதனை நடந்தது தெரிந்ததும் குடியிருப்பவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அதன் நகலைக் காவல் நிலையத்திலும் பதிவு செய்துகொள்வது நல்லது.

இனி சோதனைக்கு வருவோம். வாரண்ட் இல்லாமலே உள்ளே நுழைய 15-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அதற்கென நியமிக்கப்பட்ட காவல் அலுவலர்தான் நுழைய முடியும், சிறப்புக் காவல் அலுவலர் என்றால் அவர் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. ஏன் வாரண்ட் வாங்க நேரமில்லை என்பதை அவர் எழுதி வைக்க வேண்டும். மதிப்புள்ள இரண்டு பேரைச் சாட்சியாக அழைக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண். இரண்டு பெண் போலீசாராவது கூடவே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பெண்களைப் பெண் போலீஸ்தான் விசாரிக்கலாம். பெண் போலீஸ் இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட நல அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண் உடனிருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 105-வது பிரிவில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. சோதனை முழுவதையும் வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அந்த வீடியோ நீதிமன்றத்துக்கானது. அதே வீடியோ இரவு எட்டு மணிக்கு ஒரு யூடியூப் சேனலில் பின்னணி இசையோடு ஓடுகிறது என்றால், எங்கேயோ யாரோ கொடுத்திருக்கிறார்கள். கைதானவர்களை ஊடகத்தின் முன் நிறுத்தி அணிவகுக்க வைக்கக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2010-லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. போலீசார் செய்தியாளர்களிடம் பேசும் முறைக்கு விரிவான கையேடு தயாரிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதற்கும் முன்பு, 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு இந்த விஷயத்துக்கே நேராக வந்தது. கைது, சோதனை, மீட்பு எதுவானாலும், பாதிக்கப்பட்டவராக இருந்தாலும் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தாலும், பாலியல் தொழிலாளரின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது. படம் போடக் கூடாது. மீட்பு நடவடிக்கையைப் படம் பிடிக்கிறோம் என்ற சாக்கில் அவர்களை வாடிக்கையாளரோடு காட்டினால், பிறரின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதைத் தண்டிக்கும் பிரிவைப் பயன்படுத்த வேண்டும். அந்தப் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 77. ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது என்பதும் அதே உத்தரவில்தான் வருகிறது. இருந்தும் ‘ஆணுறைகள் பறிமுதல்’ என்ற வரி செய்திகளிலிருந்து போனபாடில்லை.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் யாராவது இருந்தால் கதையே வேறு. போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவின்படி பெயர், பள்ளி, ஊர், குடும்பம் என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிட்டால் வெளியிட்டவர் மீதே வழக்கு வரும். வயதில் சந்தேகம் இருந்தாலும் குழந்தை என்றே வைத்துக்கொள்வது செய்தியாளருக்குப் பாதுகாப்பு.

‘மீட்கப்பட்டார்’ என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு நெருக்கடி தொடங்குவது அங்கேதான். மீட்ட உடனே அவளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் அவள் வயது, குடும்பச் சூழல், திரும்பிப் போனால் என்ன ஆபத்து என்பதையெல்லாம் விசாரிக்க வேண்டும், அவள் சொல்வதையும் கேட்க வேண்டும். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவை என்று கண்டால் ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை காப்பகத்தில் வைக்க 17-வது பிரிவு இடம் கொடுக்கிறது. மூன்று ஆண்டு என்பது சிறைத் தண்டனைக்குக் குறைந்த காலமா என்ன? வயது வந்த பெண் “எனக்கு வேண்டாம், நான் போகிறேன்” என்று சொன்னால்? பம்பாய் உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில், காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை, அவர்கள் வயது வந்தவர்கள், விருப்பத்துக்கு மாறாக வைத்திருக்க முடியாது என்று சொல்லி விடுவித்தது. இந்தத் தீர்ப்பை மாஜிஸ்திரேட் முன் எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டும். அதற்குக் காசு வேண்டியதில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கும், ஆள்கடத்தலில் சிக்கியவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.

நீதிமன்ற வராந்தாவில் வேறொரு யோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். “ஒத்துக்கோம்மா, ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்.” கேட்க எளிதாகத்தான் இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனைப் பதிவு. 7, 8-வது பிரிவுகளில் குற்றவாளி என்று முடிவான பெண்ணைச் சிறைக்குப் பதிலாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சீர்திருத்த நிலையத்துக்கு அனுப்ப 10-ஏ பிரிவில் வழி இருக்கிறது. ஒரு வக்கீலிடம் பேசாமல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். தமிழோ இந்தியோ தெரியாத மிசோரம், மணிப்பூர்ப் பெண்கள் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேட்க வேண்டும். புரியாத தாளில் கையெழுத்துப் போடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

அந்தப் பெண்களில் பலர் வேலை என்று நம்பி வந்தவர்கள். ஸ்பா தெரபிஸ்ட், தங்க இடம், சாப்பாடு, கமிஷன் என்று அழைப்பு வரும். வந்து இறங்கியதும் ஆதார் அட்டை முதலாளி மேசைக்குள் போய்விடும். ரயில் டிக்கெட்டும் தங்கும் செலவும் முன்பணக் கணக்கில் ஏறும். வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்து என்ற வற்புறுத்தல் அதற்குப் பிறகுதான் வரும். ஏமாற்றியோ மிரட்டியோ கடனைக் காட்டியோ சுரண்டலுக்காக ஆளைக் கொண்டுவருவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவில் ஆள்கடத்தல். பெண் சம்மதித்தாள் என்ற வாதம் அங்கே எடுபடாது. வேலைக்குச் சேரும் முன் நியமனக் கடிதம் எழுத்தில் கேளுங்கள், அசல் அடையாள அட்டையைக் கொடுக்காதீர்கள், கடையின் உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். மாட்டிக்கொண்டால் 181, அல்லது 112.

மசாஜ் சென்டர் என்றாலே சந்தேகம் என்ற நிலைக்கு ஊர் வந்துவிட்டதில் நேர்மையாகத் தொழில் செய்பவர்களும் அடிபடுகிறார்கள். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, ஸ்பாக்களிலும் மசாஜ் நிலையங்களிலும் கண்காணிப்பு கேமரா பொருத்த உத்தரவிட்டார். அடுத்த சில வாரங்களில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மசாஜ் அறைக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையைப் பறிப்பது, ஒழுக்கக்கேடு நடக்குமோ என்ற ஐயம் மட்டுமே அதற்குக் காரணமாக முடியாது என்றார். எனக்கு இரண்டாவது சரியென்று படுகிறது. அறைக்குள் பதிவாகும் வீடியோ யாருடைய பென் டிரைவில் போய்ச் சேரும் என்று யார் பொறுப்பேற்பார்கள்? வரவேற்பறையிலும் நுழைவாயிலிலும் கேமரா இருக்கட்டும். முறையாக நடத்துபவர் ஊழியர்களின் பயிற்சிச் சான்றிதழையும் உரிமத்தையும் எடுத்து வைத்துக்கொண்டால் சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. யாராவது மாமூல் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம்.

உள்ளே வாடிக்கையாளராக இருந்தவரின் நிலை தெளிவாக இல்லை. சோதனையின்போது மசாஜ் நிலையத்தில் இருந்தார் என்பதற்காக ஒருவர் மேல் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் ரத்து செய்தது. பணம் கொடுத்துப் பாலியல் சேவை பெறுபவர் மீது 5-வது பிரிவில் வழக்குத் தொடரலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னது. எந்த மாநிலத்தில் மாட்டினார் என்பதைப் பொறுத்தது என்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

இந்தத் தெளிவின்மையையும் அவமான பயத்தையும் வைத்துப் பிழைப்பவர்கள் போலி போலீஸ்காரர்கள். சாதாரண உடையில் இரண்டு மூன்று பேர் நுழைந்து, கதவைத் தாழிட்டு, செல்போனில் படமெடுத்து, “டிவியில வரணுமா?” என்று கேட்பார்கள். ஜி.பே.யில் பணம் போகும். உண்மையான சோதனை என்றால் அடையாள அட்டை, பெண் போலீசார், சாட்சிகள், மகஜர் எல்லாம் இருக்கும். பணம் கேட்டாலே அது மிரட்டிப் பணம் பறிப்பு. அங்கிருந்தே 112-ஐ அழைக்கலாம். பணம் போய்விட்டால் 1930-ல் எவ்வளவு சீக்கிரம் புகார் செய்கிறோமோ அவ்வளவுக்கு அதை வழியிலேயே முடக்க வாய்ப்பு.

படம் வெளியாகிவிட்டது. இனி என்ன செய்வது? பத்திரிகை என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதில் இல்லையென்றால் இந்தியப் பத்திரிகை மன்றம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். மன்றம் கண்டிக்கும், அபராதம் போடாது. ஆனாலும் அந்தக் கண்டனம் கையில் இருந்தால் அவதூறு வழக்குக்கு உதவலாம். தொலைக்காட்சி இந்த மன்றத்தின் வரம்பில் வராது, சேனலுக்கே எழுதித் தொடங்க வேண்டும். யூடியூப், முகநூல் என்றால் அந்த நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதி. அந்தரங்க உறுப்பு தெரியும் படமாக இருந்தால் அந்த வார்த்தையையே புகாரில் எழுதுங்கள், அதற்குத் தனி அவசரக் காலக்கெடு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவில் அது தனிக் குற்றமும்கூட, மூன்று ஆண்டு வரை சிறை. படத்தைக் கொடுத்தது போலீசார் என்று தெரிந்தால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு நகல் போகட்டும்.

புகார் எழுதும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பு முகவரி, தேதி, நேரம், சேனல் பெயர் நான்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் நோட்டீஸ் போனதும் வீடியோ காணாமல் போய்விடும், சான்றும் போய்விடும். வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு “எல்லோரும் ரிப்போர்ட் பண்ணுங்க” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ரிப்போர்ட் செய்வதற்கு முன் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள்.