ஒன்பதரை மணி முதலாளி

நமக்கெல்லாம் ரிட்டயர்மென்ட் அறுபது வயசில். பி.எஃப்., கிராஜுவிட்டி, சந்தன மாலை, ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. சினிமா கதாநாயகிக்கு? முப்பதைத் தாண்டினால் அண்ணி, அப்புறம் அம்மா. கடிகாரம்கூடக் கிடையாது!

இந்த ரூலைச் சத்தம் போடாமல் திருத்தியவர் ராதிகா என்பது என் கட்சி.

1978-ல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகம். எம்.ஆர்.ராதாவின் மகள் என்ற விசிட்டிங் கார்டு இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் சார், விசிட்டிங் கார்டு வாசல் வரைக்கும்தான் வரும். உள்ளே நாற்காலியை நாமேதான் பிடிக்கணும். பிடித்தார். 1986-ல் கமலுடன் தெலுங்கில் 'சுவாதி முத்யம்' (நம்ம ஊரில் 'சிப்பிக்குள் முத்து'). இந்தியா சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட படம். 1993-ல் 'கிழக்குச் சீமையிலே'. அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் அவர் தவித்ததைப் பார்த்து, வேர்வை துடைக்கிற பாவனையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட இளைஞர்களில் நானும் ஒருவன்.

ஆனால் நான் அசந்தது வேறு விஷயத்துக்கு. 1985-ல் 'மீண்டும் ஒரு காதல் கதை'. பிரதாப் போத்தனுக்கு, அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. தயாரிப்பாளர் யாருங்கிறீங்க? ராதிகா! நடிப்பு ஒரு பக்கம், கல்லாப்பெட்டிச் சாவி இன்னொரு பக்கம் என்பது அப்பவே புரிந்திருக்கிறது.

அந்தச் சாவிக்கு வேலை வந்தது 1999-ல். டி.வி. என்றால் மார்க்கெட் போனவர்கள் ஒதுங்குகிற திண்ணை என்று சினிமாக்காரர்கள் நினைத்த காலம். சம்பளத்துக்குப் போகாமல், சொந்தமாக 'ராடான்' கம்பெனியோடு சன் டி.வி.க்குப் போனார். சேனலிடம் நேரத்தை வாங்கு, தொடரை எடு, நடுவில் விளம்பரத்தை விற்றுக்கொள்! இதுதான் கணக்கு. 'சித்தி' பிறந்தாள். கொடுமைக்காரி என்று தமிழ் சினிமா முத்திரை குத்தியிருந்த உறவு, வீட்டுக்கு வீடு செல்லப் பெண்ணானது. காலை ஒன்பதரைக்கு லேட் மார்க்குக்குப் பயந்து நாம் ஓட, இரவு ஒன்பதரையை அவர் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். அந்த நேரத்தில் சோறு கேட்ட ஆண்பிள்ளைகள், ரசத்தைத் தாங்களே ஊற்றிக்கொண்டார்கள்!

குறையே இல்லையா? உண்டு. திங்கட்கிழமை விழுந்த அறைக்கு வியாழக்கிழமை வரை ஆளாளுக்கு முழிப்பார்கள். போகட்டும். 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', அப்புறம் 2018 வரை இரட்டை வேடத்தில் 'வாணி ராணி' என்று இருபது வருஷம் அந்தக் கடை மூடவில்லை. எத்தனை டெக்னீஷியன் வீட்டில் அடுப்பெரிந்திருக்கும்!

2016-ல் 'தர்மதுரை'யில் விஜய் சேதுபதிக்கு அம்மாவாக வந்தார். ஆமாம், அதே அம்மா வேஷம்தான். ஆனால் வேறு வழியில்லாமல் போடுகிற வேஷம் வேறு; 'வேண்டாம்' என்று சொல்ல வசதியிருந்தும், பிடித்துப் போடுகிற வேஷம் வேறு.

இன்க்ரிமென்ட்டுக்காக மேனேஜர் முகத்தைப் பார்த்து நிற்கிற என் போன்ற பேர்வழிகளுக்கு, அந்த வித்தியாசம் சட்டென்று புரியும்.