சேய்மைக் கலமும் நிலத்துச் செவியும்

விண்ணிற் செல்லும் கலத்தை வியந்து நோக்கும் நாம், அதனோடு உரையாடும் நிலத்து நிலையங்களை நினைப்பது அரிது. அவையின்றேல் கலம் கண்டது எதுவும் நம்மை எட்டாது.

அமெரிக்க நாட்டு நாசா இப்பணிக்கென மூன்று நிலையங்களை நடத்துகின்றது. ஒன்று கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோனிலும், மற்றொன்று ஸ்பெயினில் மாட்ரிட் அருகிலும், பிறிதொன்று ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகிலும் உள்ளன. பூமி சுழலுங்கால் ஒரு நிலையத்திற்குக் கலம் மறையுமுன் மற்றொன்று அதனைக் காணுமாறு, இவை ஏறக்குறைய 120 பாகை இடைவெளியில் அமைந்துள்ளன.

எனினும், 1977இற் புறப்பட்ட வாயேஜர் 2 இவ்வொழுங்கிற்கு விலக்காயிற்று. 1989இல் நெப்டியூனைக் கடந்தபின் அது தென்றிசை நோக்கிச் சென்றமையால், வடபாதியிலுள்ள நிலையங்கள் இரண்டிற்கும் புலனாகாது. கான்பெராவிலுள்ள 70 மீட்டர் அகலமான கிண்ண வடிவ ஆண்டெனா ஒன்றே அதற்குக் கட்டளையிட வல்லதாயிற்று.

2023 ஜூலை 21 அன்று தவறாய்ச் சென்ற கட்டளைகளால் கலத்தின் ஆண்டெனா பூமியினின்று 2 பாகை விலகிற்று, உரையாடல் அற்றது. அப்பொழுது கலம் ஏறத்தாழ 1,990 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. கான்பெரா நிலையத்தினின்று வானொலி அலையால் உரக்கக் கூவி, பூமியை நோக்கித் திரும்புமாறு அதனைப் பணித்தனர். ஒளியின் விரைவிற் சென்ற அவ்வழைப்பு கலத்தைச் சேர 18 மணிக்கு மேலாயிற்று; விடை மீளவும் அத்துணையே. 37 மணி நேரம் காத்திருந்தோர்க்கு ஆகஸ்டு 4 அன்று கலத்தின் குரல் கேட்டது.

கலம் எத்துணைச் சேய்மை செல்லினும், நிலத்தில் விழித்திருப்போர் இல்லையேல் அது ஊமையே அன்றோ? செல்வாரைப் போற்றும் நாம் காத்திருப்பாரையும் போற்றுவோமாக.