ஒரு லட்ச ரூபாய் சம்பளம்!

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ புதுப்படம் வரப்போகிறது என்றால் உங்கள் வகுப்பில் என்ன பேச்சு நடக்கும்? "எங்க ஹீரோவுக்கு எத்தனை கோடி சம்பளம் தெரியுமா?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். "போடா, எங்க ஆளுக்கு அதுக்கும் மேல!" என்று இன்னொருவன் எழுந்து நிற்பான். மணி அடிக்கும்வரை சண்டை ஓயாது.

அந்தச் சண்டைக்குள் நீங்கள் ஒரு புது விஷயத்தைக் கொண்டு போங்கள். ஒரே படத்துக்கு 1 லட்ச ரூபாய் சம்பளம் வாங்கிய முதல் இந்திய நட்சத்திரம் என்று சினிமா வரலாற்றில் சொல்லப்படுபவர் யார் தெரியுமா? ஹீரோ இல்லை, ஒரு பெண்! அதுவும் நம் தமிழ்ப் பெண். அவர் பெயர் கே.பி. சுந்தராம்பாள். வருடம் 1935. படத்தின் பெயர் 'நந்தனார்'.

அவர் கதையைத் தெரிந்துகொள்ள முதலில் நம் புதுச்சேரியிலேயே ஓர் இடத்துக்குப் போக வேண்டும்.

கருவடிக்குப்பத்து வாத்தியார்

புதுச்சேரி நகரின் வடக்குப் பக்கம் கருவடிக்குப்பம் இருக்கிறது அல்லவா? அங்கேதான் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் உள்ளது. தமிழ் நாடக உலகமே 'தலைமை ஆசிரியர்' என்று கொண்டாடும் மனிதர் இவர். 1867-ல் தூத்துக்குடியில் பிறந்தார். முதலில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். பிறகு நாடகத்துக்கு வந்து எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் நடித்துப் பார்ப்பவர்களை நடுங்க வைத்தார். அதன்பின் நடிப்பதை விட்டுவிட்டு, எழுதவும் சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்தார்.

'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' எல்லாம் இவர் எழுதிய நாடகங்கள்தான். 1918-ல் மதுரையில் சிறுவர்களையே நடிகர்களாக வைத்து ஒரு நாடக சபையை ஆரம்பித்தார். பின்னாளில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே படித்துத் தேறியவர்கள். கடைசியில் வாத நோயால் பாதிக்கப்பட்டு, 1922 நவம்பர் 13-ந் தேதி இதே புதுச்சேரியில் காலமானார். அப்போது இங்கே பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி.

இவர் எழுதிய நாடகங்களில் நடித்துப் பல பேர் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவர்தான் நம் கதாநாயகி.

பசியோடு பாடிய சிறுமி

சுந்தராம்பாள் 1908-ல் ஈரோடு பக்கம் காவிரிக்கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். அவர் பெயருக்கு முன்னால் உள்ள 'கே' என்பது கொடுமுடி. 'பி' என்பது பாலாம்பாள். அது அவருடைய அம்மாவின் பெயர். ஆமாம், அம்மாவின் பெயரையே இனிஷியலாக வைத்துக்கொண்டவர் அவர்.

வீட்டில் கடுமையான வறுமை. சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய நாட்களும் உண்டாம். அந்தக் குரலைக் கேட்டு அசந்து போனார் எஃப்.ஜி. நடேச ஐயர் என்ற ரயில்வே அதிகாரி. அவர் நாடகத்திலும் ஆர்வம் உள்ளவர். அவர் உதவியால் சுந்தராம்பாள் வேலு நாயர் என்பவரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் என்கிறார்கள்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேடம் என்ன தெரியுமா? 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடி அம்மாவிடம் சோறு கேட்கும் மகன் வேடம்! பசி என்றால் என்ன என்று அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாடினால் கொட்டகையே அழுததாம்.

நீங்கள் பள்ளிக்கூடம் போகும் வயதில் அவர் ஊர் ஊராக நாடகம் போட்டார். இலங்கைக்கும் போனார். அங்கேதான் 1926-ல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். கிட்டப்பா பெரிய பாடகர். மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை அவர் குரல் போய்ச் சேருமாம். முருகனாகக் கிட்டப்பா, வள்ளியாகச் சுந்தராம்பாள்! இரண்டு பேரும் சேர்ந்து பாடினால் கொட்டகை நிரம்பி வழிந்தது. இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

ஆனால் 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 27தான். சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து அவர் வெள்ளைச் சேலைதான் கட்டினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்து, வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

சொன்னார் ஒரு தொகை!

அந்த நேரத்தில்தான் அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் தேடி வந்தார். 'நந்தனார்' படத்தில் நடிக்க வேண்டும் என்று கேட்டார். சுந்தராம்பாளுக்கு விருப்பமே இல்லை. எத்தனை முறை மறுத்தாலும் அவர் விடுவதாக இல்லை. கேட்டதும் தலைதெறிக்க ஓடிவிட வேண்டும் என்று நினைத்து, "1 லட்ச ரூபாய் கொடுத்தால் நடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம். தயாரிப்பாளர் ஓடவில்லை. சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டார்!

அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். அவருக்குக் கிடைத்தது ஆண் வேடம். நிலத்தில் பாடுபட்டும் ஒன்றும் சேர்க்க முடியாத ஏழைக் கூலியாள் நந்தனாராக நடிக்கத்தான் அந்த 1 லட்சம். நந்தனாரை வேலை வாங்கும் வேதியர் வேடத்தில் நடித்தவர் பெரிய சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆண் வேடம் என்பதால், யாருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவையும் அவர் மீற வேண்டியிருக்கவில்லை.

ஒரு லட்சம் என்றால் எவ்வளவு?

"பூ, 1 லட்சம்தானா?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பென்சிலை எடுங்கள். கணக்குப் போடலாம்.

அந்தக் காலத்து 1 ரூபாய் வெள்ளி நாணயத்தின் எடை 11.66 கிராம். 1 லட்சம் நாணயங்களின் எடை? 1,166 கிலோ. ஒரு டன்னுக்கும் மேல்! தூக்கிப் போக லாரி வேண்டும்.

ஒரு நொடிக்கு ஒரு நாணயம் என்று எண்ண ஆரம்பித்தால், தூங்காமல் சாப்பிடாமல் எண்ணினாலும் 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இன்னும் ஒரு கணக்கு. 1935-ல் 10 கிராம் தங்கம் சுமார் 30 ரூபாய். அப்படியானால் 1 லட்ச ரூபாய்க்கு ஏறக்குறைய 33 கிலோ தங்கம் கிடைக்கும். அஞ்சாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைத் தராசில் ஒரு பக்கம் உட்காரவைத்து, மறுபக்கம் தங்கத்தை வைப்பது மாதிரி! அதே 1 லட்சத்துக்கு 2025-ம் ஆண்டின் கடைசியில் 10 கிராம் சுத்தத் தங்கம்கூட வாங்க முடியவில்லை.

ஆகவே, எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த வருடத்தில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கு அரைகுறைதான்.

ஏன் இவ்வளவு கொடுத்தார்கள்?

தமிழ் பேசும் முதல் படமான 'காளிதாஸ்' வந்தது 1931-ல். அப்போதெல்லாம் ஒருவர் நடிக்க, இன்னொருவர் பின்னணியில் பாடும் வழக்கம் இல்லை. நடிப்பவரே காமிரா முன் நின்று பாட வேண்டும். மைக்கைத் தலைக்கு மேலே, படத்தில் தெரியாதபடி தொங்கவிடுவார்கள். வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ ஒளிந்துகொண்டு வாசிப்பார்கள். அப்படி என்றால், நல்ல குரல் இல்லாதவர் நட்சத்திரம் ஆவது கஷ்டம்தானே?

சுந்தராம்பாள் குரல் கிராமபோன் இசைத்தட்டுகள் வழியாக ஏற்கெனவே வீடு வீடாகப் போயிருந்தது. அவர் பெயரைப் போஸ்டரில் போட்டாலே கூட்டம் வரும் என்று தயாரிப்பாளர் நம்பினார். அந்த நம்பிக்கைக்குத்தான் 1 லட்சம்.

இன்றும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். நீங்கள் தியேட்டரில் கொடுக்கும் டிக்கெட் பணத்தில் அரசுக்கு வரி போகும். தியேட்டர்காரருக்கு ஒரு பங்கு, விநியோகஸ்தருக்கு ஒரு பங்கு போய், மீதிதான் தயாரிப்பாளருக்கு. ஆனால் பெரிய நடிகருடைய சம்பளம் பெரும்பாலும் படம் வெளியாவதற்கு முன்பே பேசி முடிந்துவிடும். படம் ஓடாவிட்டால் முதல் அடி தயாரிப்பாளருக்கு.

'நந்தனார்' ஓடியதா என்று கேட்கிறீர்களா? எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை! எழுத்தாளர் கல்கி அந்தப் படத்தைக் கிண்டல் செய்து விமர்சனம் எழுதினார். இவ்வளவு பெரிய சம்பளம் கொடுத்தும் வெற்றி கிடைக்கவில்லை.

தங்கத் தட்டு

சுந்தராம்பாள் அதன் பிறகும் பணத்துக்காக வரிசையாகப் படங்களை ஒப்புக்கொள்ளவில்லை. 'மணிமேகலை' 1940-ல். அடுத்த பெரிய படமான ஜெமினியின் 'ஔவையார்' 1953-ல். அதுதான் அவரை எல்லோர் மனதிலும் நிற்க வைத்தது. 1964-ல் 'பூம்புகார்', 1965-ல் 'திருவிளையாடல்' படங்களிலும் நடித்தார். 'துணைவன்' படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்றார். 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1980-ல் மறைந்தார்.

சம்பாதித்ததை என்ன செய்தார்? சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு சினிமா தியேட்டர் கட்டினார். சுதந்திரப் போராட்ட நாட்களில் தலைவர் சத்தியமூர்த்தி கேட்டுக்கொண்டதால், மேடை மேடையாகப் போய்ப் பாடினார். அதற்குச் சம்பளம் கிடையாது.

ஒரு முறை காந்தியடிகள் அவர் வீட்டுக்கு வந்தபோது, தங்கத் தட்டில் சாப்பாடு பரிமாறினாராம். காந்தி சிரித்துக்கொண்டே, "சாப்பாடு மட்டும்தானா? தட்டு கிடையாதா?" என்று கேட்டாராம். உடனே தட்டையும் கொடுத்துவிட்டார் சுந்தராம்பாள். காந்தி அதை ஏலம் விட்டு, வந்த பணத்தை நாட்டுக்கான நிதியில் சேர்த்தார் என்று சொல்வார்கள்.

உச்சியில் இருந்தவர்

சம்பளம் என்றைக்கும் ஒரே மாதிரி வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே காலத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் என்று ஒரு பெரிய நட்சத்திரம் இருந்தார். 1934-ல் வந்த அவருடைய முதல் படமான 'பவளக்கொடி'யும் மேடையில் புகழ்பெற்ற கதைதான். 1944-ல் வந்த அவருடைய 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது!

அதே 1944-ன் கடைசியில் ஒரு கொலை வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், அவர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பாகி வெளியே வரும்போது 1947 ஆகிவிட்டது. அதற்குள் கையில் இருந்த படங்கள் நழுவிவிட்டன. வெளியே வந்தபின் நடித்த படங்களும் முன்போல ஓடவில்லை. 1959-ல், 49 வயதில் இறந்தபோது, சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதி அவரிடம் இல்லை. அவர் குரல் மாறவில்லை. மாறியது காலமும் ரசிகர்களும்தான்.

வாத்தியாருக்கு எவ்வளவு?

கடைசியாக ஒரு கேள்வி. பாடி நடித்தவர்கள் லட்சம் வாங்கினார்கள். அந்த நடிகர்களை வளர்த்த நாடகங்களை எழுதிய கருவடிக்குப்பத்து வாத்தியாருக்கு என்ன கிடைத்தது?

அவர் நாடகங்களை ஊர் ஊராக எத்தனையோ பேர் போட்டார்கள். இன்றும் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கிறது. ஆனால் அவர் சொத்து எதையும் சேர்த்து வைக்கவில்லை. துறவி போலவே வாழ்ந்து போனார்.

புதுச்சேரி அவரை மறக்கவில்லை. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர்தான். இங்கே நடக்கும் இந்தியத் திரைப்பட விழாவில், சிறந்த தமிழ்ப் படத்தின் இயக்குநருக்குப் புதுச்சேரி அரசு தரும் விருதும் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில்தான். அந்த விருதோடு கொடுத்து வரும் ரொக்கப் பரிசு எவ்வளவு தெரியுமா? 1 லட்ச ரூபாய்!

குட்டீஸ், அடுத்த முறை படம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். படம் முடிந்து பெயர்கள் மேலே ஓடும்போது எழுந்து ஓடாதீர்கள். கதை எழுதியவர், லைட் பிடித்தவர், தலைவாரிவிட்டவர், சாப்பாடு போட்டவர் என்று எத்தனை பெயர்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் பல பேர் அன்றாடச் சம்பளமும் பேட்டாவும் வாங்கி உழைத்தவர்கள். அவர்கள் சம்பளத்தைப் பற்றி வகுப்பில் யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் அவர்கள் வராவிட்டால் அன்றைக்கு ஷூட்டிங்கே கிடையாது!

அப்புறம், தாத்தா பாட்டியிடம் கே.பி.எஸ். என்று சொல்லிப் பாருங்கள். உடனே பாட ஆரம்பித்துவிடுவார்கள். டி.வி.யை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.