வீட்டு மின்பகுகலம் – 6: வாயு போகும் வழி

பிளாஸ்டிக் டப்பாவையும் இரண்டு எவர்சில்வர் தகடுகளையும் பன்னிரண்டு வோல்ட் மின்சாரத்தையும் சென்ற வாரம் ஒருவாறு கூட்டி முடித்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்வார்களாக. எழும் வாயுவை அபாயமின்றி வெளியேற்றுவதும் அதை அளப்பதும் இந்த வாரத்துக்கு என்று வாக்களித்திருந்தேன். அதற்கு முன்பாகத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஏனெனில் எந்த வாயு வெளிவரும் என்பதை நிர்ணயிப்பது நாம் ஊற்றும் தண்ணீர்தான்.

அருப்புக்கோட்டையை விட்டுத் திருச்சுழியை நோக்கிப் போகப் போக, ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாகவே இருக்கிறது. குடிப்பதற்குக் கேன் தண்ணீர், மற்றெல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர் என்று வாழப் பழகிய நம்மவர், சோதனைக்கும் அந்த உப்புத் தண்ணீரையே ஊற்றினால், மின்சாரம் தங்குதடையின்றிப் பாய்ந்து குமிழ்கள் கொப்பளிக்கக் கண்டு பெருமகிழ்ச்சி அடைவார்கள். சற்று நேரத்தில் சாக்கடை ஓரங்களில் தூவும் பிளீச்சிங் பவுடரின் நெடி மூக்கைத் துளைக்கும்போதுதான் நேர்முனையில் பிராணவாயுவோடு குளோரினும் பிறக்கிறது என்பது பிரத்தியட்சமாகும். எதிர்முனையில் எழும் ஜலவாயுவோ (ஹைட்ரஜன்) காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசானது, மேலே போகும். குளோரின் காற்றைப் போல் இரண்டரை மடங்கு கனமானது, தரையில் தங்கும். நேர்மாறான சுபாவமுடைய இவ்விரண்டுக்கும் ஒரே வழி வைக்க முடியாது. எவர்சில்வர் தகடும் உப்பு நீரில் அரித்துப் பழுப்பு நிறச் சகதியாக இறங்கும். அதில் குரோமியம் கலந்திருக்குமாதலால் செடிக்கு ஊற்றலாகாது. ஆகவே பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் சலவைச் சோடாவை ஒரு கரண்டி கரைத்துக்கொள்வதே உத்தமம். சமையல் உப்பு வேண்டவே வேண்டாம்.

இந்தத் தண்ணீர் விஷயத்தைத் துருவப் போய், இந்த வாரம் முழுவதும் என் நினைவை ஆக்கிரமித்துக்கொண்டவர்கள் இரண்டு ஆங்கிலேயர்கள். 1800-ஆம் ஆண்டு மார்ச்சில், தாம் புதிதாகக் கண்ட மின்னடுக்கைப் பற்றி இத்தாலியரான வோல்ட்டா லண்டன் ராயல் சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அது சங்கத்தில் வாசிக்கப்படுவதற்குள்ளாகவே, அதன் சாரத்தைக் கேள்வியுற்ற கார்லைல் என்னும் ரண வைத்தியர், பதினேழு அரைக்கிரௌன் வெள்ளி நாணயங்களையும், அத்தனை துத்தநாக வில்லைகளையும், உப்பு நீரில் நனைத்த அட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி மின்சாரம் எடுத்துவிட்டார். இரண்டு பவுனுக்கு மேல் பெறுமானமுள்ள சில்லறையை அடுக்கிவைத்து விஞ்ஞானம் செய்த அந்தத் தைரியத்தை என்னென்பது! கம்பி நன்றாகத் தொட வேண்டுமென்று உச்சித் தட்டின்மேல் விட்ட ஒரு துளி நீரில் குமிழ்கள் எழுந்தன. உடனிருந்த இரண்டாமவர் நிக்கல்சனுக்கு அது ஜலவாயுவின் வாசனையாகப் பட்டது. மே 2-ஆம் தேதி, லண்டனுக்குக் குடிநீர் கொண்டுவர 1613-இல் வெட்டி முடித்த நியூ ரிவர் கால்வாயின் சாதாரணத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, இரு முனைகளிலும் பித்தளைக் கம்பிகளைச் செருகினார்கள். ஒரு கம்பியிலிருந்து நுண்ணிய குமிழ்கள் சரமாகக் கிளம்பின. மற்றொன்றில் வாயுவே இல்லை, கம்பி முதலில் ஆரஞ்சு நிறமாகவும் பிறகு கறுப்பாகவும் மாறிற்று. பிராணவாயுவைப் பித்தளை விழுங்கிவிட்டது. பிளாட்டினக் கம்பியை இட்ட பிறகுதான் இரு முனைகளிலும் வாயு வந்தது.

நிக்கல்சனின் மூக்கை மட்டும் நாம் நம்பக் கூடாது. சுத்தமான ஜலவாயுவுக்கு வாசனை கிடையாது. இரும்பும் அமிலமும் கொண்டு அக்காலத்தில் செய்த வாயுவின் அசுத்தமே அவருக்குப் பழகியிருந்தது போலும். சமையல் காஸ் கசிந்தால் நாற்றம் எச்சரிக்கும், இது எச்சரிக்காது. பகல் வெளிச்சத்தில் இதன் சுவாலைகூடக் கண்ணுக்குத் தெரிவதரிது.

இந்த வாயுவின் அபாயத்தை ஏட்டுப் படிப்பின்றியே அறிந்தவர்கள் நம் பேட்டரிக் கடைக்காரர்கள். டிராக்டர் பேட்டரிகளைப் பலகைமேல் வரிசையாக வைத்து, மூடிகளைத் திருகித் தளர்த்தி, கடையின் முன்கதவை முழுவதும் திறந்துபோட்டே சார்ஜ் ஏற்றுகிறார்கள். சார்ஜ் நிறைந்ததும் உள்ளே சளசளவென்று கேட்கும் சத்தத்தைப் “பேட்டரி கொதிக்குது” என்பார்கள். அது கொதிப்பன்று, தண்ணீர் இரு வாயுக்களாகப் பிரிவதே. மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற நேர்வதும் பெரும்பாலும் அதனால்தான். நான் அவசரப்பட்டுக் கை நீட்டியபோது கடைக்காரர், “முதல்ல மெயினை அமத்துங்க அண்ணாச்சி, அப்புறம் கிளிப்பைத் தொடுங்க” என்றார். கிளிப்பில் தெறிக்கும் சிறு பொறி தாராளமாகப் போதும்: காற்றில் ஜலவாயு நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றும்.

நம் டப்பாவில் இரண்டு ஆம்பியர் ஓடினால், நமது வெயிலில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலவாயு வரும். நூறு லிட்டர் கொள்ளும் மூடிய அலமாரிக்குள் வைத்தால், ஐந்து மணி நேரத்துக்குள் அலமாரி முழுதும் அபாய எல்லையை எட்டிவிடும். டப்பாவின் மூடிக்கும் நீருக்கும் இடைப்பட்ட வெளியிலோ, இரண்டு வாயுக்களும் வெடிக்கத் தக்க விகிதத்திலேயே கூடி நிற்கின்றன. எனவே டப்பாவை விளிம்புக்கு நெருங்க நிரப்பி, அந்த வெளியைக் குறைக்க வேண்டும். கண்ணாடி ஜாடி கூடாதென்று முன்பு பிடிவாதம் பிடித்ததன் காரணமும் இந்த வெடிப்பு அபாயமே. மூடியிலிருந்து புறப்படும் குழாய், தாழ வைத்த ஒரு நீர்ப் புட்டிக்குள் இரண்டு விரற்கடை மூழ்கட்டும்; வெளியே நெருப்பு நேர்ந்தாலும் அது நீரைத் தாண்டி உள்ளே பாயாது. புட்டியிலிருந்து கிளம்பும் இரண்டாம் குழாய் வளையாமல் மடங்காமல் மேல்நோக்கி வானத்துக்குப் போகட்டும். வால்வு, பலூன், சேமிக்கும் ஆசை ஒன்றும் வேண்டாம். ஓட்டு வீட்டில் இடுக்குகள் வழியே வாயு தானாக வெளியேறும். தளம் போட்ட வீட்டில் உத்தரங்களுக்கிடையே தேங்கி நிற்கும். முற்றத்தில் வேப்பமரத்தடியே சிலாக்கியம்.

வாயுவை அளக்கும் விஷயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. ஆசிரியரின் ஆள் வாசலில் நிற்கிறார். அடுத்த வாரம் அளவோடு காரைக்குடிக்கும் போகவேண்டியிருக்கிறது. அங்கே அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்லாமல் இந்தத் தொடர் முடியாது.