தெருவிளக்கு வீட்டுக்குள் வரும்போது

தாம்பரம் - வேளச்சேரி சாலையோரப் பழைய இரும்புக் கடைகளில் அண்மைக்காலமாகப் புதிய வகை வாடிக்கையாளர்களைப் பார்க்கிறேன். மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிய இளைஞர்கள், துருப்பிடித்த கம்பிகளையும் உடைந்த மிதிவண்டிகளையும் விலக்கிவிட்டு, அடியில் கிடக்கும் பழைய தெருவிளக்குகளைத் தேடுகிறார்கள். எனாமல் பூசிய இரும்புத் தட்டு, கம்பிக் கூண்டுக்குள் அமைந்த தடித்த கண்ணாடிக் குடுவை, வார்ப்பிரும்பால் ஆன கை - எது கிடைத்தாலும் எடைக்கு விலை கொடுத்து எடுத்துச் செல்கிறார்கள். அவை தூய்மை செய்யப்பட்டு, புதிய மின்கம்பி கோக்கப்பட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பில் உணவு மேசைக்கு மேலே தொங்குகின்றன. அதே விளக்கு மெருகேறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டால், விலை பல மடங்காகிவிடுகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவனுக்கு இக்காட்சியில் ஒரு வேடிக்கை உண்டு. பொதுப்பண்டம் என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க நான் எடுத்தாண்ட முதல் உதாரணமே தெருவிளக்குதான். ஒருவர் அதன் வெளிச்சத்தில் நடப்பதால் இன்னொருவருக்கு வெளிச்சம் குறைவதில்லை. வரி செலுத்தாதவரை மட்டும் இருட்டில் நிறுத்தவும் இயலாது. பால் சாமுவேல்சன் 1954-இல் இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தார். கலங்கரை விளக்கைத் தனியாரும் நடத்தியிருக்கிறார்கள் என்று 1974-இல் ரொனால்ட் கோஸ் எழுதிய பிறகு, அந்த உதாரணம் சற்று ஆட்டம் கண்டது. நானோ தெருவிளக்கை விடவில்லை. இப்போது அந்தத் தெருவிளக்கே தனியார் வீட்டின் வரவேற்பறைக்குள் வந்து தொங்குகிறது.

இந்த இடப்பெயர்வுக்குக் காரணம், வெளிச்சத்தின் விலை வீழ்ந்ததுதான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நார்தாஸ், வெளிச்சத்தை உழைப்பு நேரத்தால் அளந்தார். ஆயிரம் லூமன் ஒளியை ஒரு மணிநேரம் பெற, 1800-இல் மெழுகுவத்திக் காலத்துத் தொழிலாளி ஐந்து மணிநேரத்துக்கும் மேல் உழைக்க வேண்டியிருந்தது என்றும், 1992-இல் அதற்கு அரை நொடி உழைப்பே போதும் என்றும் அவர் கணக்கிட்டார். எல்இடி வந்தபின் அது மேலும் சுருங்கியிருக்கிறது. ஒரு பண்டத்தின் விலை இப்படி விழும்போது, மதிப்பு அந்தப் பண்டத்தை விட்டு அதன் கலத்துக்கு இடம் மாறுகிறது. ஒளிக்கு யாரும் காசு கொடுக்கத் தேவையில்லை என்றான பின்னரே, கண்ணாடிக் கூண்டுக்குக் காசு கொடுக்கத் தோன்றுகிறது.

உள்ளாட்சிகள் பழைய விளக்குகளைக் கழற்றுவதற்கும் இதே கணக்குதான் அடிப்படை. 250 வாட் சோடியம் ஆவி விளக்கு, அதன் சோக்கில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 275 வாட் இழுக்கும். நாளொன்றுக்கு 11 மணிநேரம் எரிந்தால், ஆண்டுக்குச் சுமார் 1,100 யூனிட். அதன் இடத்தில் 120 வாட் எல்இடி விளக்கைப் பொருத்தினால் 480 யூனிட்தான். கம்பம் ஒன்றுக்கு 620 யூனிட் மிச்சம் என்றால் எந்த ஆணையர் வேண்டாம் என்பார்? மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் மட்டும் நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டன. இந்த மாற்றத்தை நான் குறை கூறவில்லை. கழற்றப்பட்டவை எங்கே போகின்றன என்பதே என் கேள்வி.

புறநகருக்கு மின்சாரம் வந்த கதை பலருக்கும் தெரியும். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் அதுவே முதல். ஆனால், ரயில் நிலையத்துக்கு வந்த மின்சாரம் தெருமுனைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை நான்கு புறமும் கண்ணாடி பதித்த கூண்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். மாலையில் ஏணியும் எண்ணெய்க் குடுவையுமாக ஓர் ஊழியர் வருவார்; திரி நறுக்கி, கண்ணாடி துடைத்து, ஏற்றிவிட்டுப் போவார். அந்தக் கூண்டு இன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். பெரும்பாலானவை இரும்பாகவோ தகரமாகவோ உருகிப் போய்விட்டன.

எரிவாயுத் தெருவிளக்குகளைப் பொறுத்தவரை, கொல்கத்தாவில் அவை 1857-லேயே எரிந்தன. அவற்றின் ஒளியைப் பன்மடங்காக்கிய கண்டுபிடிப்பில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் 1880-களில் உருவாக்கிய 'மேண்டில்' என்னும் வலைப்பை, தோரியம் ஆக்சைடும் சிறிதளவு சீரியம் ஆக்சைடும் ஏறிய துணி. நெருப்பில் துணி எரிந்து ஆக்சைடு மட்டும் கூடாக நின்று வெண்மையாக ஒளிரும். நம் திருவிழாக்களில் இரைச்சலோடு எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் உயிரும் அதுவே. அந்தத் தோரியத்துக்கு மூலமான மோனசைட் மணல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்குத் துப்புக் கொடுத்தது. அவர் ஆலை அமைத்த மணவாளக்குறிச்சி இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. ஐரோப்பியத் தெருக்களின் வெளிச்சம் நம் கடற்கரை மணலிலிருந்து போயிருக்கிறது. தோரியம் மெல்லிய கதிரியக்கம் உடையது. ஆகவே, பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கை வாங்குவோர் அதில் தொங்கும் உதிர்ந்த வலைப்பையின் தூளை ஊதித் தள்ளுவதோ, முகர்ந்து பார்ப்பதோ கூடாது.

இனி, வாங்கியவர்கள் அறிய வேண்டியவை. இதில் நானே பட்டுத் தெளிந்தவன்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் செப்பனிட்டு விற்ற கண்ணாடித் தெருவிளக்கு ஒன்றை வாங்கி வாசல் முகப்பில் பொருத்தினேன். பளபளவென்று கறுப்பு வண்ணம், தேன் நிற ஒளி. வருவோர் போவோர் எல்லாம் விசாரித்தார்கள். அந்த நவம்பரில் ஒரு மழை மாலையில், என் மனைவி ஈரக் கையோடு அதன் இரும்புக் கையைத் துடைக்கப் போனார். அலறல் கேட்டு ஓடினேன். வீட்டில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்ததால் அந்த நொடியே மின்சாரம் நின்றது. அவருக்குக் கை மரத்ததோடு போயிற்று. மறுநாள் வந்த மூத்த எலெக்ட்ரீஷியன் விளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு சார். எர்த் கம்பி எங்கே?" என்றார். முழுவதும் உலோகத்தால் ஆன விளக்குக்குள் இரண்டு கம்பிகளை மட்டும் இழுத்திருந்தார்கள். கம்பி நுழையும் துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லாததால் உறை அறுபட்டு, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தெருவில் எட்டு மீட்டர் உயரத்தில் தொங்கும்போது அந்த விளக்கை யாரும் தொடுவதில்லை. வீட்டில் அது கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. எனவே மூன்று கம்பி, உடலோடு திருகிய எர்த் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தப் பழைய விளக்கையும் ஏற்றக் கூடாது.

அடுத்தது, உள்ளே இருப்பவை. சோடியம் விளக்கின் இக்னைட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பைத் தருவது; கப்பாசிட்டர் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கக் கூடியது. சோக்கையும் சேர்த்து இவை எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும். பெரிய விளக்குகளில் இருப்பது 40 மில்லிமீட்டர் திருகு ஹோல்டர். நம் வீட்டு பல்புகளோ பின் வகை. நடுவில் மாற்றி வைத்து ஒப்பேற்றுவதைவிட ஹோல்டரையே பீங்கானில் புதிதாகப் போடுவது நல்லது. சோடியம் பல்பையே வீட்டில் எரிக்க விரும்பும் சிலரையும் கண்டேன். அந்த ஆரஞ்சு ஒளியில் வாழைக்காயும் கத்தரிக்காயும் ஒரே நிறமாகத் தெரியும். அந்த நிறம்தான் வேண்டும் என்றால், 2,200 கெல்வின் வெப்பநிறம் கொண்ட இழை வடிவ எல்இடி பல்புகள் கிடைக்கின்றன. நான்கு முதல் ஏழு வாட் போதும். மூடிய கண்ணாடிக்குள் அதிக வாட் எல்இடியைப் போட்டால், வெப்பம் வெளியேற வழியின்றி அதன் மின்சுற்று விரைவில் பழுதாகும். பழைய இழை பல்பு வெப்பத்தைத் தாங்கியது, எல்இடி தாங்காது.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈய அளவுக்கு நம் நாட்டில் வரம்பு விதிக்கப்பட்டதே 2016-ஆம் ஆண்டின் விதிகளால்தான். எனவே உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் கிளப்பாமல், நனைத்துத் தேய்த்து, கழிவைத் துணியில் திரட்டிக் கட்டிவிட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் செய்யவே கூடாது. உடைந்த கண்ணாடிக்கு மாற்று வேண்டுவோர் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாதைத்தான் நாட வேண்டியிருக்கிறது. தாஜ்மகாலைக் காக்க உச்சநீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்புக்குப் பின், நிலக்கரி உலைகளை விட்டு எரிவாயுவுக்கு மாறிய ஊர் அது. வளையல்களுக்குப் பெயர்பெற்ற அவ்வூர் உலைகளில் விளக்குக் கண்ணாடியும் ஊதப்படுகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பாதரச ஆவி விளக்கு. வெண்மையான முட்டை வடிவ பல்பு, கண்ணுக்கு அழகானது. உடைந்தால் பாதரச ஆவி அறையில் பரவும். பாதரசம் என்ன செய்யும் என்பதைக் கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் கதையிலிருந்து தமிழகம் அறிந்திருக்கிறது. பாதரசம் கொண்ட விளக்குகளை 2016-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் அவ்வாறே சொல்கின்றன. ஆனால், எடைக்கு வாங்கும் கடைக்காரருக்கு அலுமினியம்தான் காசு. பல்பு வெறும் இடைஞ்சல். அதை அவர் உடைத்துப் போடுகிறார். அவர் மீது தவறில்லை. பிரித்துக் கொடுக்காமல் மொத்தமாக ஏலம் விடுபவர்களே அதற்குப் பொறுப்பு.

சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்றுச் சிறப்புடைய ஒரு பொருள் நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டால் தொல்பொருள் ஆகிவிடுகிறது. அவ்வாறான பொருள்களை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1920-களின் விளக்குகள் ஒவ்வொன்றாக இந்த எல்லையைத் தாண்டும் காலம் இது. உண்மையான பழமைக்கு ரசீதும், எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் கேட்டு வாங்குவதே முறை. "பிரிட்டிஷ் காலத்தது" என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல, நேற்று வார்க்கப்பட்டு உப்புநீரில் துருவேற்றப்பட்டவை.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? பெர்லின் நகரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எரிவாயு விளக்குகள் இந்நூற்றாண்டின் தொடக்கம் வரை எரிந்தன. அவற்றை மின்விளக்காக மாற்ற முற்பட்டபோது மக்கள் எதிர்த்தனர். உலக நினைவுச்சின்ன நிதியம் 2014-இல் அவற்றைத் தன் கவனிப்புப் பட்டியலில் சேர்த்தது. பல நகரங்களின் எரிவாயு விளக்குகளைத் திரட்டி ஒரு பூங்காவில் திறந்தவெளி அருங்காட்சியகமாகவே அங்கு நிறுத்தியிருக்கிறார்கள். பிராக் நகரம் 2002-இல் எரிவாயு விளக்குகளை மீண்டும் கொண்டுவந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் கிறிஸ் பர்டன் என்ற கலைஞர், 1920, 30-களின் தெருவிளக்குகள் 202-ஐச் சேகரித்துச் செப்பனிட்டு, 2008-இல் கலை அருங்காட்சியகத்தின் வாசலில் வரிசையாக நிறுத்தினார்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் 2021-இல் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது, பத்து அலுவலகங்களின் பண்டகசாலைகளும் ஒரே குடையின்கீழ் வந்தன. அங்கே கிடப்பவற்றில் ஒவ்வொரு வகையிலும் இரண்டைப் பெயர்ச்சீட்டுடன் ஏதேனும் ஒரு பூங்காவில் நிறுத்தலாம். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா 1996 முதல் பழைய வீடுகளைப் பெயர்த்தெடுத்துக் காத்து வருகிறது; அவர்களிடம் வழி கேட்கலாம். எஞ்சியவற்றில் பல்பையும் சோக்கையும் கழற்றி முறையாக அப்புறப்படுத்திவிட்டு, வெற்றுக் கூட்டைப் பொதுமக்களுக்கே தனித்தனியாக விற்கலாம். மொத்த ஏலத்தைவிடக் கூடுதல் வருவாய் கிடைக்கும் என்பது என் கணிப்பு. இடைத்தரகர் இலாபம் பொதுப்பணத்துக்குத் திரும்பும்.

சென்ற வாரம் அதே இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். பாதரச பல்புகள் ஒரு சாக்கு நிறையக் கட்டி வெயிலில் கிடந்தன. பக்கத்தில் கடைக்காரரின் மகள் பள்ளிச் சீருடையில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "இதை எங்கே சார் கொடுக்கிறது?" என்று கேட்டார் அவர். முதலில் சாக்கைக் கடையின் பின்புறம் நிழலுக்கு மாற்றினோம். பிறகு அவர் பெயரில் மண்டல அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.